வீட்டில் அறை விடுகிறீர்களா? தகராறு விருந்தினரை முன்பே கண்டுகொள்வதும் வந்தபின் சமாளிப்பதும்

கும்பகோணத்தில் எங்கள் வீட்டு மாடியில் மூன்று அறைகளைக் கோயில் பார்க்க வருகிறவர்களுக்கு விட்டு வருகிறோம். கீழே நானும் என் கணவரும் மாமியாரும் இருக்கிறோம். எங்களைப் பார்த்து எங்கள் தெருவில் ஒரு அக்காவும், திருவிடைமருதூரில் ஒரு தம்பியும், மயிலாடுதுறையில் ஓய்வு பெற்ற ஒரு மாமாவும் ஆரம்பித்தார்கள். முதல் சில மாதங்களில் மூவரும் எனக்குப் போன் செய்தது ஒரே மாதிரியான விஷயங்களுக்குத்தான். ஆறு பேர் என்று சொல்லிப் பதினொரு பேர் வந்துவிட்டார்கள். காலி செய்யமாட்டேன் என்கிறார்கள். மொட்டை மாடியில் பாட்டில் கிடக்கிறது.

உட்கார்ந்து விசாரித்துப் பார்த்தால், வந்தவர் மோசமானவராக இருந்தது அபூர்வம். நாம்தான் சொல்ல வேண்டியதைச் சொல்ல வேண்டிய நேரத்தில் சொல்லாமல் விட்டிருப்போம். அதனால் வரிசையை மட்டும் மாற்றாதீர்கள்: முதலில் விதி, அப்புறம் கேள்வி, அப்புறம் முன்பணம், அடையாளம், கடைசியில் சாவி. பணம் வாங்கிய பிறகு விதியைச் சொன்னால் எதிராளிக்கு அது ஏமாற்று வேலையாகத்தான் தெரியும்.

1. போன் வருவதற்கு முன்பே முடித்திருக்க வேண்டியவை

பதிவை முதலில் முடியுங்கள். வீட்டில் அறை விடுகிறவர்களுக்கான மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் திட்டத்தில் வீட்டுக்காரர் அதே வீட்டில் குடியிருக்க வேண்டும். 1 முதல் 6 அறைகள் வரை, அதிகபட்சம் 12 படுக்கைகள். மாநிலச் சுற்றுலாத் துறையிலும் பதிவு உண்டு. நாளைக்கு ஒரு தகராறில் காவல் நிலையம் போக நேர்ந்தால், பதிவுத் தாள் கையில் இருப்பவர் புகார்தாரராக உட்காரலாம். இல்லாதவர் பதில் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டும். மின்கட்டணம் எந்த வகையில் வரும் என்பதையும் உங்கள் பகுதி மின்வாரிய அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

மாடிக்குப் போகும் படி வெளியிலிருந்து இருந்தால் பாதிச் சண்டை குறையும். இல்லையென்றால் ரேழியிலேயே வழியைப் பிரித்து, உங்கள் கூடத்துக்கும் சமையலறைக்கும் கதவு போடுங்கள். பழைய முற்றத்து வீடுகளில் இது முக்கியம். முற்றத்தைப் படம் எடுக்க வந்தவர், பூஜை அறைக்குள் நின்று படம் எடுத்துக்கொண்டிருப்பார். அவர் மேல் தப்பில்லை, எங்கே நிற்க வேண்டும் என்று வீடு அவருக்குச் சொல்லவில்லை.

கொல்லைக் கிணற்றுக்கு இரும்புக் கம்பி மூடி, மாடிக்குத் தனி எம்சிபி (மின்சுமை கூடினால் தானாக அணைந்துவிடும் சுவிட்ச்). சிலர் இண்டக்ஷன் அடுப்பைக் கையோடு கொண்டுவருவார்கள். ஹீட்டர், ஏசி, அடுப்பு மூன்றும் ஒன்றாக ஓடினால் மாடி மட்டும் அணைய வேண்டும், உங்கள் வீடு அணையக் கூடாது.

டிரைவருக்கு ஒரு இடம் ஒதுக்குங்கள். புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் எல்லோரும் மறப்பது இதைத்தான். இடம் இல்லையென்றால் அவர் வண்டியிலேயே ஏசியை ஓடவிட்டுத் தூங்குவார். இரவு முழுக்க எஞ்சின் சத்தம், காலையில் எதிர்வீட்டுக்காரர் உங்கள் வாசலில். எங்கள் வீட்டில் திண்ணையை ஒட்டி ஒரு கட்டில், மின்விசிறி, தனிக் கழிப்பறை வைத்திருக்கிறோம். செலவு ஒருமுறைதான்.

இரண்டு பக்கத்து வீடுகளிலும் உங்கள் போன் எண்ணைக் கொடுத்து, 'ஏதாவது சத்தம்னா முதல்ல எனக்குச் சொல்லுங்க' என்று சொல்லி வையுங்கள்.

2. விதிகளை ஒரே செய்தியாக எழுதி வையுங்கள்

வாயால் சொன்னது நிற்காது. கணவரிடம் சொன்னதை மனைவி கேட்டிருக்கமாட்டார், மச்சான் வந்து வேறு மாதிரி பேசுவார். வாட்ஸ்அப்பில் ஒரே செய்தியாக இருந்தால், தகராறு வரும்போது போனைத் திறந்து காட்டினால் போதும்.

பத்து வரிக்கு மேல் எழுதாதீர்கள், யாரும் படிக்கமாட்டார்கள். எங்கள் செய்தி இப்படி இருக்கும்: 'ஒரு அறைக்கு 3 பேர். கூடுதலாக ஒருவருக்கு இவ்வளவு, அதற்கு மேல் இடமில்லை. அறை மதியம் 1 மணிக்குக் கிடைக்கும், காலை 11 மணிக்குக் காலி செய்ய வேண்டும். வீட்டுக்குள்ளும் மாடியிலும் மது, புகை கூடாது. அசைவம் உள்ளே கொண்டுவர வேண்டாம். அறையில் சமைக்க, கற்பூரம் ஏற்ற வேண்டாம். இரவு 10 மணிக்குக் கேட் பூட்டப்படும். தாமதமாகும் என்றால் முன்னரே சொல்லுங்கள். உங்களைப் பார்க்க வருகிறவர்கள் கீழ்த் திண்ணையில் பேசலாம். வாசலில் மட்டும் கேமரா இருக்கிறது. சம்மதம் என்றால் சரி என்று பதில் அனுப்புங்கள்.'

அந்தச் 'சரி' வரும் வரை கணக்கு எண் கொடுக்காதீர்கள்.

அசைவ விதி உங்கள் விருப்பம். தெரு அக்கா வீட்டில் அனுமதி உண்டு, அங்கே ஒரு பிரச்சினையும் இல்லை. எந்தப் பக்கமாக இருந்தாலும் முன்பே எழுதியிருக்க வேண்டும். கேமரா விஷயத்தில் விருப்பத்துக்கு இடமில்லை. அறைக்குள்ளோ குளியலறைப் பக்கமோ வைத்தால் நீங்களே குற்றவாளி.

3. முதல் போனில் கேட்க வேண்டியவை

இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும். ஐந்து நிமிடப் பேச்சு இரண்டு நாள் தலைவலியைத் தவிர்க்கும். விசாரணை மாதிரி கேட்காமல், உதவி செய்கிற தொனியில் கேளுங்கள்.

'எத்தனை பேர் வர்றீங்க?' என்று மட்டும் கேட்டால் ஏமாறுவீர்கள். நம் ஊரில் ஃபேமிலி என்றால் நான்கு பேராகவும் இருக்கலாம், பதினான்கு பேராகவும் இருக்கலாம். பெரியவர் எத்தனை, குழந்தைகள் எத்தனை, என்ன வயது, டிரைவர் உண்டா என்று பிரித்துக் கேளுங்கள். பிள்ளைகள் என்று சொல்லிக் கல்லூரியில் படிக்கும் இரண்டு பையன்களைக் கூட்டி வந்தவர்கள் உண்டு. பெற்றவர்களுக்கு அவர்கள் பிள்ளைகள்தானே.

'எந்தக் கோயிலுக்குச் சார்?' என்பது அடுத்தது. நேரத்தை முன்பே தெரிந்துகொள்ளத்தான் இதைக் கேட்கிறோம். நவக்கிரகக் கோயில்கள் ஒன்பதையும் ஒரே நாளில் பார்க்கிறவர்கள் விடியற்காலை நான்கு, ஐந்து மணிக்குக் கிளம்பி இரவு வெகுநேரம் கழித்துத்தான் திரும்புவார்கள். அவர்களிடம் பத்து மணிக் கேட் விதியைப் பிடிவாதமாகப் பேசிப் பயனில்லை, அந்தக் குழுவுக்கு வாசல் சாவி கொடுத்துவிடுங்கள். திருநாகேஸ்வரம் ராகு கால பாலாபிஷேகத்துக்கு ஞாயிறு வருகிறவர்களுக்கு ராகு காலமே மாலை 4.30 முதல் 6 வரை. காலை 11 மணிக்குக் காலி செய் என்றால் அவர்கள் எங்கே போவார்கள்? ஞாயிற்றுக்கிழமைத் தகராறுகள் பலவற்றுக்கு வேர் இதுதான். முன்பே கேட்டால் அரைநாள் வாடகை பேசிக்கொள்ளலாம்.

திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம், சதாபிஷேகம் என்றால் இன்னும் கவனம். மயிலாடுதுறை மாமா எட்டுப் பேருக்கு அறை கொடுத்தார். எட்டுப் பேர்தான் தூங்கினார்கள். ஆனால் குளிக்க, புடவை மாற்ற, காப்பி குடிக்க வந்தவர்கள் முப்பது பேர் இருக்கும். காலை ஏழு மணிக்குத் தொட்டியில் தண்ணீர் தீர்ந்துவிட்டது. இப்போது அவர் 'உங்க சொந்தக்காரங்க வேற எங்க தங்குறாங்க?' என்று கேட்கிறார். பதில் தெளிவாக வராவிட்டால் மண்டபத்து அறைகளைக் கை காட்டுகிறார்.

தேதி கேட்டால் போதாது, மணியைக் கேளுங்கள். சென்னையிலிருந்து இரவு ரயிலில் வருகிறவர்கள் விடிவதற்கு முன்பே இறங்கிவிடுவார்கள். '15ஆம் தேதி வர்றோம்' என்று அவர் சொல்வது 15 விடியற்காலை நான்கு மணி. நீங்கள் எழுதிக்கொள்வது 15 மதியம். அந்த அறையில் 14ஆம் தேதி ஆள் தூங்கிக்கொண்டிருப்பார். விடியற்காலை வருகிறவருக்கு இரண்டு வழி சொல்லுங்கள்: முந்தைய இரவையும் சேர்த்து எடுப்பது, அல்லது பையை வைத்துவிட்டுக் கீழ்க் குளியலறையில் குளித்துக் கோயிலுக்குக் கிளம்புவது.

'படி ஏற முடியாதவங்க யாராவது இருக்காங்களா?' என்பதையும் விடாதீர்கள். மாடிப்படியைப் பார்த்த பிறகு பாட்டிக்கு முழங்கால் வலி என்பார்கள், முன்பணம் திரும்பக் கேட்பார்கள், அவர்கள் கேட்பதும் நியாயமாகவே இருக்கும்.

கடைசியாக, 'நீங்களேதான் தங்கப் போறீங்களா?' வேறொருவருக்காகப் பதிவு செய்கிறவர் என்றால், தங்கப்போகிறவரின் எண்ணுக்கும் விதிச் செய்தி போக வேண்டும்.

இனி, எதைக் கேட்டால் உஷாராக வேண்டும்? பேரம் பேசுவதைக் கணக்கில் எடுக்காதீர்கள், அது பழக்கம். எண்ணிக்கையைக் கேட்டால் 'அதெல்லாம் பாத்துக்கலாம்' என்பவர், அறையைப் பற்றி ஒன்றும் கேட்காமல் மொட்டை மாடி தனியா, நீங்கள் இரவில் கீழேதான் இருப்பீர்களா என்று மட்டும் கேட்பவர், விதிச் செய்திக்குப் பதில் போடாமல் 'பணம் அனுப்பிட்டேன்' என்பவர், இவர்களை நான் எடுப்பதில்லை. இப்படி ஒதுக்கியதில் ஓரிரு நல்லவர்களும் போயிருக்கலாம். பரவாயில்லை.

மறுக்கும்போது 'ரூம் இல்லை' என்று பொய் சொல்லாதீர்கள். வேறு எண்ணிலிருந்து கூப்பிட்டுப் பார்ப்பார்கள். 'எங்களுக்குச் சரிப்படாதுங்க, மன்னிச்சுக்குங்க' என்று சொன்னால் போதும், காரணம் விளக்கப் போனால் வாக்குவாதம் தொடங்கிவிடும்.

4. கேட்கக் கூடாதவை

ஆள் பார்ப்பது என்றவுடன் சிலர் 'நீங்க எந்த ஆளுங்க?' என்று ஆரம்பிக்கிறார்கள். பாதுகாப்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. தீண்டாமையைக் காரணமாக வைத்து விடுதியில் இடம் மறுப்பது 1955ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். கோயில் ஊரில் மடி ஆசாரம் பார்க்கும் வீடாக இருந்தால், அறை விடும் தொழிலுக்கே வராமல் இருப்பது மேல்.

இளம் ஜோடிகளிடம் கல்யாணப் பத்திரிகை கேட்கிறவர்களையும் பார்த்திருக்கிறேன். திருமணமாகாத ஆணும் பெண்ணும் ஒரே அறையில் தங்குவது குற்றமில்லை என்று 2019 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், கோவையில் சீல் வைக்கப்பட்ட ஒரு விடுதி தொடர்பான வழக்கில் சொல்லிவிட்டது. நான் பார்ப்பது ஒன்றுதான்: இருவருக்கும் 18 வயது நிரம்பியிருக்கிறதா, அடையாள அட்டை இருக்கிறதா. சிறுவயதுப் பிள்ளை பெற்றோர் இல்லாமல் யாருடனாவது வந்தால், பெற்றோரிடம் நானே போனில் பேசாமல் அறை இல்லை.

5. முன்பணம்

பாதி வாடகையை யுபிஐயில் வாங்குங்கள். பணம் வந்ததை உங்கள் வங்கிச் செயலியில் பாருங்கள். அவர் அனுப்பும் ஸ்கிரீன்ஷாட்டையும் குறுஞ்செய்தியையும் நம்ப வேண்டாம்.

ஒரு பழைய தந்திரம் புதியவர்களிடம் இன்னும் பலிக்கிறது. ராணுவ அதிகாரி என்று சொல்லி ஒருவர் கூப்பிடுவார், மூன்று அறை, நான்கு நாள், பேரமே இல்லை. 'ஆயிரத்துக்குப் பதில் பத்தாயிரம் வந்துவிட்டது, மீதியை அனுப்புங்கள்' என்பார், அல்லது பணம் பெற இந்த கியூஆரை ஸ்கேன் செய்து யுபிஐ ரகசிய எண்ணை (PIN) போடுங்கள் என்பார். பணம் வாங்குவதற்கு அந்த ரகசிய எண் ஒருபோதும் தேவையில்லை. ஏமாந்துவிட்டால் உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930க்குக் கூப்பிடுங்கள். தாமதிக்கத் தாமதிக்கப் பணம் கை மாறிக்கொண்டே போகும்.

ரத்து விதியையும் அதே செய்தியில் சேருங்கள். எங்களுடையது: ஏழு நாளுக்கு முன் சொன்னால் முழுப் பணம் திரும்ப வரும், அதற்குப் பிறகு பாதி, குருப்பெயர்ச்சி, சனிப்பெயர்ச்சி, மாசி மகம் நாட்களில் கிடையாது. வீட்டில் சாவு, தீட்டு என்றால் மட்டும் எந்த நாளாக இருந்தாலும் முழுதாகத் திருப்பித் தருகிறேன். பொய் சொல்கிறார்களா என்று ஆராய்வதில்லை. பணத்துக்காகச் சாவை இழுக்கிறவர் ஆயிரத்தில் ஒருவர் இருந்துவிட்டுப் போகட்டும்.

மகாமகத்துக்கு இப்போதே சிலர் அறை கேட்கிறார்கள். போனது 2016இல், அடுத்தது 2028இல். பெயரை மட்டும் எழுதிக்கொள்கிறேன், பணம் வாங்குவதில்லை. அன்றைக்குத் தெருவில் வண்டி விடுவார்களா என்பதே நம் கையில் இல்லாதபோது வாக்குக் கொடுக்க முடியாது.

6. வாசலில் முதல் பத்து நிமிடம்

பையை இறக்குவதற்கு முன் தலையை எண்ணுங்கள். பை மாடிக்குப் போய்விட்டால் பேசுவது கஷ்டம், குழந்தை வேறு கட்டிலில் தூங்கிவிடும். எண்ணிக்கை கூடியிருந்தால் குழுத் தலைவரைத் தனியாகக் கூப்பிட்டு, 'அண்ணே, ஆறு பேர்னு சொன்னீங்க, ஒன்பது பேர் இருக்கீங்க. ஒருத்தருக்கு இவ்வளவு கூடும், இல்லன்னா பக்கத்துல லாட்ஜ் காட்டுறேன்' என்று அப்போதே முடியுங்கள். குடும்பத்தார் முன்னிலையில் கேட்டால் அவருக்கு மானப் பிரச்சினையாகிவிடும். பிறகு நியாயம் பேசமாட்டார்.

பெரியவர்கள் எல்லோருடைய அடையாள அட்டையையும் பாருங்கள். ஆதார் நகல் வாங்குவதாக இருந்தால், கடைசி 4 எண்கள் மட்டும் தெரியும் மறைத்த ஆதாரே போதும். அசல் அட்டையைப் பிடித்து வைக்காதீர்கள். நோட்டில் பெயர், ஊர், போன், வண்டி எண், வந்த நேரம், கையெழுத்து இருக்கட்டும்.

சிங்கப்பூர், மலேசியா, இலங்கையிலிருந்து வருகிறவர்கள் நம்மைப் போலவே தமிழ் பேசுவார்கள், வேட்டி கட்டியிருப்பார்கள், அதனால் பலர் இதை மறந்துவிடுகிறார்கள்: அவர்கள் கையில் இருப்பது வெளிநாட்டுப் பாஸ்போர்ட். வந்த 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் விவரத்தைப் பதிய வேண்டும். ஃபார்ம் சி என்பார்கள். அதற்கான கணக்கை முன்கூட்டியே திறந்து வைத்திருங்கள். நள்ளிரவில் திறக்க உட்கார்ந்து தெரு அக்கா அழாத குறை.

அப்புறம் கூடவே மாடிக்குப் போய் அறையைக் காட்டுங்கள். ஹீட்டர் சுவிட்ச், குழாய், டிவி, கண்ணாடி எல்லாம் அவர் கண் முன்னே வேலை செய்யட்டும். நான்கு புகைப்படம் எடுத்து அவருக்கும் அனுப்புங்கள். உடைந்தது முன்பா பின்பா என்ற பேச்சே பிறகு வராது.

ஆற்றைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுங்கள். மேட்டூர் திறந்து காவிரியில் தண்ணீர் வந்துவிட்டால், வெளியூர்க்காரருக்குப் படித்துறையைக் கண்டதும் இறங்கத் தோன்றும். படியை விட்டு இறங்காதீர்கள், கொள்ளிடத்தில் குளிக்கவே வேண்டாம், மணல் அள்ளிய பள்ளம் மேலே தெரியாது என்று நான் பிள்ளைகளைப் பார்த்தே சொல்வேன். மாமியார் இன்னும் கடுமையாகச் சொல்வார்.

7. தங்கியிருக்கும்போது

சின்ன விஷயங்களைப் பொருளை மாற்றித் தீர்த்துவிடுங்கள். திருநள்ளாறு போகிறவர்கள் எண்ணெய் தேய்த்து நள தீர்த்தத்தில் குளித்துவிட்டு வருவார்கள். தலையணை உறை முழுக்க நல்லெண்ணெய். முதல் வருடம் சண்டை போட்டேன். இப்போது அவர்களுக்கு மட்டும் கரும்பச்சை உறையும் பழைய துண்டும் வைக்கிறேன்.

மதியத் தகராறு ஒன்று உண்டு. பெரும்பாலான கோயில்கள் பகல் பன்னிரண்டு, பன்னிரண்டரைக்கு நடை சாத்தி நான்கு மணிக்குத்தான் திறக்கும். காலி செய்துவிட்டுப் போனவர்கள் வெயிலில் திரும்பி வந்து வாசலில் நிற்பார்கள். கீழே தாழ்வாரத்தில் பாய், மின்விசிறி, குடிதண்ணீர் ஏற்பாடு செய்தோம். அறையை விட்டுத்தர மறுப்பது அதன் பிறகு சுலபமாகிவிட்டது.

சத்தம், குடி, அத்துமீறல் என்றால் படிப்படியாகப் போங்கள். முதலில் குழுத் தலைவரிடம் தனியாக, மெதுவாக, ஒரே ஒருமுறை. கேட்கவில்லை என்றால் வாட்ஸ்அப்பில் எழுதுங்கள்: 'இரவு 11.20, மாடியில் சத்தம், விதியில் இருக்கிறது, நிறுத்துங்கள்.' நேரம் பதிவாவதுதான் இதன் பயன். குடித்திருப்பவரிடம் அந்த நேரத்தில் நியாயம் பேச வேண்டாம். கூட வந்தவர்களில் தெளிவாக இருப்பவரைப் பிடியுங்கள், பெரும்பாலும் அது குடித்தவரின் மனைவியாக இருக்கும். தனியாக மாடி ஏறாதீர்கள். பெண்கள் மட்டும் இருக்கும் வீடு என்றால் பக்கத்து வீட்டு அண்ணனைக் கூப்பிட்டு நிற்கவைத்துவிட்டுப் பேசுங்கள்.

வேலை செய்யும் அம்மாவை அதட்டுகிறவர்கள், கையைப் பிடித்து இழுக்கிறவர்கள் விஷயத்தில் இந்தப் படிகள் எதுவும் கிடையாது. நேரே அடுத்த பகுதிதான்.

'மோசமா ரிவ்யூ போட்டுடுவேன்' என்று பணம் குறைக்கச் சொல்வார்கள். குறைத்தால் அடுத்த முறை இன்னொருவரை அனுப்புவார்கள். 'போடுங்க சார், நடந்ததை நானும் கீழே எழுதறேன்' என்பதோடு நான் நிறுத்திக்கொள்வேன்.

8. வெளியே அனுப்ப வேண்டி வந்தால்

தங்காத நாட்களுக்கான பணத்தை முதலில் திருப்பிப் போட்டுவிட்டு, அப்புறம் காலி செய்யச் சொல்லுங்கள். பணம் அவர் கணக்குக்குப் போன பிறகு அங்கே உட்கார்ந்திருக்க அவருக்குப் பிடி இருக்காது. நஷ்டம்தான், ஆனால் ஒரு இரவுத் தூக்கத்தின் விலையை விடக் குறைவு.

ஆபத்து இல்லாத வரை இரவில் பெண்களையும் குழந்தைகளையும் தெருவில் நிறுத்தாதீர்கள். காலை ஏழு மணி என்று கெடு சொல்லுங்கள். அடிதடி, மிரட்டல் என்றால் அவசர எண் 112. பையைத் தூக்கி வெளியே வைப்பது, மின்சாரத்தை நிறுத்துவது, வாடகைப் பாக்கிக்காகச் சாமானைப் பிடித்து வைப்பது எதுவும் வேண்டாம். அதைச் செய்த அந்த நிமிடத்திலிருந்து புகார் உங்கள் மேல் திரும்பும். திருவிடைமருதூர் தம்பி 1,200 ரூபாய்க்காக ஒரு பெட்டியைப் பூட்டி வைத்துவிட்டு, இரண்டு நாள் காவல் நிலையத்துக்கு நடந்தான்.

'இன்னும் ஒரு வாரம், இன்னும் ஒரு வாரம்' என்று நீட்டிக்கொண்டே போகிறவர்கள் தனி வகை. நான் பத்து நாளுக்கு மேல் யாருக்கும் தருவதில்லை. மாதக்கணக்கில் இருப்பவர் வாடகைதாரர் என்று வாதிடத் தொடங்கினால் விஷயமே வேறு. வாடகைக்கு என்றால் 2017ஆம் ஆண்டுச் சட்டப்படி எழுத்து ஒப்பந்தம் போட்டுப் பதிவு செய்ய வேண்டும். அறை விடுவதையும் வீடு வாடகைக்கு விடுவதையும் கலக்காதீர்கள்.

9. கிளம்பும் நேரம்

முந்தின இரவே, 'நாளைக்கு எத்தனை மணிக்கு வண்டி சொல்லியிருக்கீங்க?' என்று கேளுங்கள். காலி செய்யும் நேரத்தை நினைவுபடுத்த இதைவிட நாசூக்கான வழி எனக்குத் தெரியவில்லை. மீதிப் பணத்தையும் அப்போதே வாங்கிவிடுங்கள். காலையில் ஐந்து பேர் குளித்து, வண்டி ஹாரன் அடிக்கும் அவசரத்தில் கணக்குப் பார்க்க முடியாது.

சாவி வாங்கும்போது நீங்கள் அறைக்குள் ஒரு சுற்றுப் பார்த்து வரும் வரை அவர்களைக் காப்பி குடிக்க உட்காரவையுங்கள். உடைந்திருந்தால் அப்போதே விலை பேசலாம். மறந்துவிட்ட சார்ஜர், பல்செட், தாலிக்கொடியில் கோக்கும் சின்னக் காசு எல்லாம் அப்போதே கிடைக்கும். அவர்கள் சீர்காழி தாண்டிய பிறகு போன் வந்து, நீங்கள் கூரியர் அலுவலகம் தேட வேண்டாம்.

வண்டி தெருமுனை திரும்பியதும் நோட்டை எடுத்து அவர்கள் பெயருக்கு எதிரே ஒரு வரி எழுதி வையுங்கள். என் நோட்டில் 'நல்லவங்க, தண்ணி நிறைய செலவு', 'மூணு பேர்னு சொன்னா அஞ்சு பேர்', 'பாட்டிக்குப் படி ஏற முடியாது' என்றெல்லாம் இருக்கும். அடுத்த வருடம் அதே எண்ணிலிருந்து போன் வரும்போது, 'வாங்கக்கா, இந்தத் தடவை அஞ்சு பேரா?' என்று நானே கேட்டுவிடுவேன்.